மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்

பாகூர்,
தை மாதம், கரிநாள் கழிந்த வெள்ளிக்கிழமை.

என் தங்கப் பேத்தி உஷாராணிக்கு ஆயா காசம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பனும் இருக்கிறோம். ஓசூரில் நீயும் மாப்பிள்ளை சுரேஷும், வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பப்பாளி தின்னாதே. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பன் அன்புராஜ் பக்கத்தில் நிற்பான், நீயும் சிரித்துவிடுவாய். இது சிரிக்கிற விஷயம் இல்லை. நான் அஞ்சாவது படித்தவள். தபால் எழுத எனக்கு யார் தயவும் வேண்டாம்.

இடுப்பு எலும்பு கூடிவிட்டதாம், படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். அப்பா சேதராப்பட்டுக் கம்பெனிக்கு ஷிப்ட் போனபின் வீட்டில் நான் மட்டும்தான். கார்த்திகை மழையில் குளியலறையில் விழுந்து கிடந்தேனே, அன்றைக்குப் பக்கத்து வீட்டு டிவி நாடகம் எனக்குக் கேட்டது, நான் கூப்பிட்டது அவர்களுக்குக் கேட்கவில்லை. இப்போதும் அந்த நாடகத்துப் பாட்டு வந்தால் காதைப் பொத்திக்கொள்கிறேன். அப்பாவிடம் சொல்லாதே.

எனக்கு நடை பழக்க அரியூர் காலேஜிலிருந்து தீபிகா என்று ஒரு பெண் வருகிறாள். புது வருஷத்தன்று வந்து, இந்த வருஷத்துக்கு என்ன டார்கெட் ஆயா என்று கேட்டாள். எதிர்வீட்டு ஹேமலதாவும் உட்கார்ந்திருந்தாள். மாசி மகத்துக்கு அம்மன் பின்னால் மணப்பட்டுக் கடலுக்கு நடந்தே போவேன் என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். “அவ்ளோ தூரம் வேணாம் ஆயா. இந்த மாசம் வாசப்படி, அடுத்த மாசம் தெருக்குழாய். முடியறதா பாத்து வெச்சிக்கோ.”

வருஷா வருஷம் அம்மன் தீர்த்தவாரிக்கு டிராக்டரில் போக, பின்னால் வெறுங்காலில் நடந்தவளுக்கு வாசப்படியா? எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் பார்க்கப் பார்க்க ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, ஹேமலதாவிடம் கொடுத்து மாரியம்மன் படத்து ஆணியில் கட்டச் சொல்லிவிட்டேன். அவள் கேட்டது டார்கெட், நான் அதை வேண்டுதலாக்கிவிட்டேன். டார்கெட்டைக் குறைத்துக்கொள்ளலாமாம். வேண்டுதலை எப்படியம்மா குறைப்பது?

வாக்கரைப் பிடித்து வாசப்படி வரைக்கும் போகிறேன். அங்கே காலைத் தூக்காமல் நின்றுவிடுகிறேன். எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் ஆயா நிற்கிறாய் என்கிறாள் தீபிகா. வெயில் அதிகம் என்றேன்.

போன வாரம் ஹேமலதா வந்து அந்தத் துணியைப் பார்த்தாள். “வேண்டிக்கினு செய்யாம வுட்டா ஆத்தா சும்மா இருப்பாளா? மாசமா இருக்கிற பொண்ணு உள்ள வூடு வேற.” சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஃபேன் காற்றில் அந்த முடிச்சு ஆடுகிறது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறேன். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும், நான் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் மாசியில் உனக்கு வளைகாப்பு.

பூசாரி பலராமனைக் கூப்பிட்டு அனுப்பினேன். அம்மனையே கேட்டுவிடலாம் என்று இரண்டு பொட்டலம் மடித்தார். ஒன்றில் குங்குமம், ஒன்றில் திருநீறு. வீட்டுப் பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். குங்குமம் வந்தால் வாசப்படியே போதும், அம்மன் ஒப்புக்கொண்டாள். திருநீறு வந்தால் வேண்டியபடி கடல்வரைக்கும் நடக்க வேண்டும். உன் அப்பனை எடுக்கச் சொன்னால் இரண்டையும் குப்பையில் போடுவான். அதனால்தான் உனக்கு இதோடு அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, விளக்கேற்றி, ஒன்றை எடு. எடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. உஷா, எது வந்தாலும் குங்குமம் என்று சொல்லு. இன்னொன்றை என்னிடம் சொல்லவே சொல்லாதே. நீ சொன்ன மறு நிமிஷம் நான் வாசப்படி தாண்டுவேன், தீபிகாவே பார்க்கட்டும்.

தாயும் பிள்ளையும் தனித்தனியாகி, நீ உன் காலால் நடந்து இந்த வீட்டுக்குள் வர வேண்டும். வாசலில் ஆரத்தித் தட்டோடு நான் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் ஆயா
தெ. காசம்மாள்