பின்படிக்கட்டுக் கணக்கு

மார்ச் 3
ஓய்வு பெற்ற பிறகும் அலுவலகம் அவ்வப்போது சில்லறை வேலை அனுப்புகிறது. இம்முறை நாங்கள் குடியிருக்கும் கட்டடமே. பின்படிக்கட்டை மூடிச் சாமான் அறை ஆக்கலாமா, தீப்பிடித்தால் முன்படிக்கட்டு ஒன்றே போதுமா என்று கணினியில் ஆட்களைப் புள்ளிகளாக இறக்கிப் பார்க்க வேண்டும். சாமான் அறை என்றதும் மனைவி பழைய மெத்தையைச் சுருட்டிக் கட்டி வைத்துவிட்டாள். செய்யவிருப்பது:

1. மென்பொருளிலுள்ள 'முதியோர் குடியிருப்பு' என்ற ஆயத்த அமைப்பை அப்படியே ஓட்டுவது.
2. தேவையானால் நடை வேகத்தை மட்டும் கையால் குறைப்பது.
3. வேறெதையும் தொடாதிருப்பது. இறங்குவது காலின் வேகத்தைப் பொறுத்தது. மற்றதெல்லாம் என் பயம்.

மார்ச் 4
ஆயத்த அமைப்பில், போதும் என்று வந்தது. புள்ளிகள் சமர்த்தாக இறங்கிவிட்டன.

மார்ச் 6
வேகத்தைக் குறைத்தேன். மறுபடியும் குறைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.
"என்னங்க, உங்க மூட்டுவலிய அதுக்கும் குடுத்துட்டீங்களா?"
சுருக்கென்றது. உண்மைதானோ? இவ்வளவு குறைத்தும் போதும் என்றே வருகிறது — மயிரிழையில்.

மார்ச் 7
அலுவலகத் தலைவர் தொலைபேசினார். ஒருகாலத்தில் என் பக்கத்து மேசைக்காரர்.
"சார், ரெடியா இருக்கறத நோண்டாதீங்க. நாளைக்கு யாராவது கேட்டா, நிபுணருங்க வெச்ச அளவுன்னு சொல்லிக்கலாம். நீங்க கை வெச்சா நீங்கதான் பதில் சொல்லணும்."
நியாயம். இரண்டொரு நாளில் கையெழுத்திட்டு அனுப்பிவிடலாம்.

மார்ச் 9
காலையில் தீ ஒத்திகை. மனைவி விடுவிடுவென்று இறங்கக்கூடியவள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி நின்றாள்.
"நீ போயேன்."
"போயி? கீழ நின்னு உங்கள வேடிக்க பாக்கவா?"
எதிர்வீட்டுக்காரர் பாதி வழியில் மேலே திரும்பினார் — அவர் அக்கா இன்னும் வரவில்லையாம். பின்னால் வந்தவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். பாதிப் பேர் பின்படிக்கட்டில் இறங்கியதால் சமாளித்தோம்.

மார்ச் 10
கையால் மாற்றினேன். துணையோடு இருப்பவர்களைச் சேர்ந்தே நடக்கவிட்டேன். காத்திருக்கவும் திரும்பி ஏறவும் விட்டேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் புள்ளிகள் அடைத்துக்கொண்டன. போதாது.
வேகமான ஒரு புள்ளி, மெதுவான ஒன்றுக்காக நின்றுகொண்டே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மாற்றியவை எல்லாவற்றையும், என் பொறுப்பில் செய்தவை என்று எழுதி அனுப்பியாயிற்று.

ஏப்ரல் 2
பின்படிக்கட்டில் புதுக் கைப்பிடி பொருத்துகிறார்கள். மனைவி முணுமுணுத்தபடியே மெத்தையைப் பிரித்து, மறுபடி கட்டிலில் விரித்தாள்.
மார்ச் 3-இல் எழுதியதில் மூன்றாவது தவறு.