ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக நின்றவை

இன்று காலை நாலாம் மிஷினுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் குருணைத் தொட்டியை நகர்த்தினார்கள். சுவரில் உன் சாக்பீஸ் கோடுகள். நிமிர்ந்த கோடு நாலு, குறுக்கே ஒன்று, கட்டுக் கட்டாக. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் கிழமை. 'செவ்வா' என்று கோணலாக எழுத உன்னால்தான் முடியும்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. இந்தச் சுவரை நான் பார்த்ததே இல்லை.

நீ பாட்டில் மூடி வார்க்கும் ஆபரேட்டர், நான் உற்பத்திக் கணக்கு பார்க்கும் இன்ஜினியர். ஒரே பள்ளிக்கூடம், போக வர உன் பைக். மதகடிப்பட்டிலிருந்து திருபுவனை கம்பெனி கேட் வரை 'டா'. கேட்டைத் தாண்டினால் 'சார்'. அந்த 'சாரில்' கிண்டல் இல்லாத நாளே கிடையாது.

மிஷின் நின்ற நேரத்தை எழுத நான் ஒரு தாள் கொண்டுவந்தேன். அதில் முதல் கட்டமே ஐந்து நிமிடம். அச்சில் மூடி ஒட்டிக்கொண்டால் நீ கதவைத் திறந்து, பித்தளைக் குச்சியால் தட்டி எடுத்து, மறுபடி ஓட்ட ஒன்றரை நிமிடம். அதற்குக் கட்டமில்லை. யாரும் எழுதவில்லை. நீ மட்டும் மிஷின் பக்கவாட்டில் கோடு போட்டாய். வாடிக்கையாளர் பார்வையிட வந்த அன்று நான்தான் ஈரத்துணியால் துடைத்தேன்.

"இன்னாடா இது, இஸ்கூல் பலகையா?"

"உங்க பேப்பர்ல எடமில்ல சார்."

"அஞ்சு நிமிசத்துக்குக் கம்மியா நின்னா அதெல்லாம் ஒரு கணக்காடா?"

"அப்ப மூடி ஒட்டுச்சின்னா ஒரு டீ குடிச்சிட்டு வந்து எடுக்கட்டா சார்? அஞ்சு நிமிசம் ஆயிடும், உங்க கட்டத்துல உக்காரும்."

பக்கத்து மிஷின்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் ஏறியது. அதற்குப் பிறகுதான் நீ தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவருக்கு மாறியிருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் தாள்படி மிஷின் நிற்கவே இல்லை; மூடி மட்டும் குறைந்திருந்தது. அப்படியானால் ஆள்தான் மெதுவு. 'ஆபரேட்டர் வேகம் போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்னை பேக்கிங் மேசைக்கு மாற்றினார்கள். அன்று சாயங்காலமும் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டுதான் போனாய். இறங்கும்போது, "ஒரு நாளு வந்து நின்னு பாருடா" என்றாய். நான் வரவில்லை.

இப்போது நாலாம் மிஷினில் மண்ணாடிப்பட்டிலிருந்து வரும் ஓர் அக்கா. அவருக்கும் அதே வாக்கியம் தயாராகி, இன்று கையெழுத்துக்கு வந்திருந்தது. போடவில்லை. ஷிப்ட் முழுக்க அவர் பக்கத்திலேயே நின்றேன்.

"இன்னா தம்பி, உனக்கு வேற வேல இல்லியா?"

முப்பத்தொரு தடவை நின்றது. கூட்டினால் முக்கால் மணி நேரத்துக்கு மேல். உன் செவ்வாய்க்கிழமையை எண்ணினேன்: இருபத்தொன்பது.

மேனேஜரிடம் போய், "அச்சக் கழட்டணும் சார். ஆள மாத்தி ஒண்ணும் ஆவாது" என்றேன்.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?"

"சொன்னான் சார். நான்தான் தொடச்சிட்டேன்."

நாளை அச்சைக் கழற்றுகிறார்கள். அக்கா மிஷினிலேயே இருப்பார். பழைய அறிக்கையில் உன்னைப் பற்றிய வரியை அடித்து, 'தாளில் கட்டம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படிக்க வேண்டியவன் நீ.

இப்போதெல்லாம் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போகிறேன். சட்டைப்பையில் ஒரு துண்டு சாக்பீஸ். ஆள் ஏற, மாடு குறுக்கே வர, சில்லறைத் தகராறு என்று பஸ் அரை நிமிடம் ஒரு நிமிடம் நின்றுகொண்டே போகிறது. ஒவ்வொன்றையும் எண்ணுகிறேன். எண்ணாமல் இருக்க முடியவில்லையடா.