ஒன்பதாவது சமர்செற்

ஒஸ்லோ
12.01.2025

அன்புள்ள பிரதாபன்,

இங்கே நான் நலம். உன் வயிறும் நலமென்று உன் மனைவி அனுப்பிய படத்தில் கண்டேன்.

ஒரு உதவி. நான் சேர்ந்திருக்கும் பழைய கார்ச் சங்கத்தில், இலங்கையில் ஒஸ்ரின் சமர்செற் கார்கள் இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று மதிப்பிடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இதுவரை எட்டு உறுதி. ஒரே காரைப் பலர் தனித்தனியாக அறிவித்தால், தெரியாமல் கிடப்பவை சொற்பம். ஒருவர் சொன்ன காரை மற்றவர் சொல்லாவிட்டால், வெளியே இன்னும் பல உண்டு. இதுதான் எங்கள் கணக்கு. வன்னியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. உன் ஓட்டோவில் ஒருக்கால் சுற்றிப் பார்.

ஏன் இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டேன் என்று நீ ஊகித்திருப்பாய். 2009 தையில், சண்டை நெருங்கி வர, அண்ணியைத் தேவிபுரத்தில் விட்டுவிட்டு, "காரை எடுத்துக்கொண்டு வாறன்" என்று விசுவமடு வீட்டுக்குத் திரும்பிய நடராசா அண்ணா வரவேயில்லை. அவருடைய கறுப்புச் சமர்செற்றும் இல்லை. எரிந்த வாகனக் குவியல் ஒன்று விடாமல் அண்ணி தேடிவிட்டா. கார் அகப்படாதபடியால், அவர் அதிலேயே எங்கோ தப்பிப் போய்விட்டார் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறா. அந்தக் கார் எங்காவது வேறு இலக்கத்தோடு ஓடினால், பிடித்துக்கொண்டு போக ஒரு நூல் கிடைக்கும்.

போனில் கேட்டிருக்கலாம். நீ பகிடி விடுவாய், நான் அழுவேன். எழுத்துத்தான் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு.

உன்,
செந்தூரன்

விசுவமடு
03.02.2025

அன்பின் செந்தூரன்,

வயித்தைப் பற்றி எழுதினதுக்கு மனிசி உனக்கு நன்றி சொல்லச் சொன்னவா. இப்ப இரவில எனக்குப் புட்டு இல்லை.

திரிஞ்சன், நல்லாத் திரிஞ்சன். நான் பழைய இரும்பு வாங்கிறன் எண்டு ஊரெல்லாம் கதை பரவி, ஒரு மனிசி உடைஞ்ச இடியப்ப உரலோட ஓட்டோவுக்குப் பின்னால ஓடி வந்தவா. முரசுமோட்டையில ஒரு சமர்செற் கதவு கோழிக்கூட்டுக்குப் படலையா நிக்குது. புளியம்பொக்கணையில ஒரு பொனற்றைக் கவிட்டு ஆட்டுக்குத் தண்ணி வைக்கினம். ஆனையிறவில டிக்கி மூடிக்குக் கீழ உப்பளக் காவல்காரன் நித்திரை. மூண்டு கார் எண்டு துள்ளிப்போட்டு, நிறத்தைச் சுரண்டிப் பாத்தா எல்லாம் ஒரே பச்சை. ஒரு காரைத்தான் மூண்டு ஊர் பங்கு போட்டிருக்கு. அண்ணையின்ர கறுப்பு எங்கயும் இல்லை.

உன்ர கணக்கை ஒருநாள் சும்மா இருக்கேக்க காணாமல் போன எங்கட சனத்துக்குப் போட்டுப் பாத்தன். பாதியில விட்டிட்டன்.

உன்ர அண்ணி ரூபி அக்கா சுகம். கிழமைக்கு ஒருக்கா, காணாமல் போனவையின்ர சொந்தக்காரர் போராட்டம் இருக்கிற கிளிநொச்சிப் பந்தலுக்குப் போறா. கையில அண்ணை காரில சாஞ்சுகொண்டு சிரிக்கிற அதே படம். நான்தான் ஏத்தி இறக்கிறது. பின் வளவு மூலையில அவா வைக்கிற வாழை ஒவ்வொரு மாரிக்கும் சரிஞ்சு விழுது. "உங்கட வாழை குடிக்கிறதோ, அக்கா" எண்டு கேட்டன். அண்டைக்கு எனக்குத் தேத்தண்ணி கிடைக்கேல்லை. அந்த மூலையை ஆழமாக் கிண்டி எருப் போட, மண் வெட்டுற பெக்கோ ஒண்டு பிடிச்சிருக்கிறன்.

பட்டினியோடு,
பிரதாபன்

விசுவமடு
11.02.2025

செந்தூரன்,

கார் கிடைச்சிட்டுது. ரூபி அக்கான்ர வளவுக்குள்ளயே.

அவாவைப் பந்தலில இறக்கிப்போட்டு வந்து கிண்டத் தொடங்கினம். பெக்கோவின்ர பல்லில தகரம் பட்டுது. முந்தி எருக்கிடங்கு வெட்டியிருந்த இடம். அவா மீள்குடியேறி வந்த நேரம் அது நிரவுப்பட்டுப் பத்தை பிடிச்சுக் கிடந்தது. ஷெல் விழுந்து மூடினது எண்டுதான் எல்லாரும் நினைச்சம். அந்த நேரம் சனம் மோட்டார் சைக்கிளையும் தையல் மெசினையும் மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டுத்தானே ஓடினது. அண்ணை காரையே தாட்டிருக்கிறார். கிடங்குச் சரிவால உள்ளுக்கு விட்டு, பொலித்தீன் சுத்தி, எஞ்சினுக்குக் கிறீஸ் பூசி, பற்றறியைக் கழட்டிச் சீற்றில வைச்சிருக்கு. ஒரு மாதத்தில திரும்பி வரப்போற ஆள் செய்யிற வேலை.

உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை. முதல் பாத்தது அதைத்தான்.

கூரையைக் கறள் தின்னுட்டுது. இலக்கத் தகடு வாசிக்கலாம். அண்ணையின்ரதான்.

மண்ணைப் போட்டு மூடிட்டன். அவர் காரில போகேல்லை எண்டு அவாவுக்கு நான் எந்த வாயால சொல்ல? நீயும் எழுதாதை. உன்ர சங்கத்துக் கணக்கு எட்டிலயே நிக்கட்டும்.

பிரதாபன்

ஒஸ்லோ
27.02.2025

பிரதாபன்,

உன் கடிதம் வந்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

மூடியது பிழை. நீ நல்லவன், ஆனால் அது உன் வளவு இல்லை. பதினாறு வருடமாக அண்ணி ஒரு காரை நம்பிக்கொண்டு, அதே காரின் மேல் வாழை நட்டிருக்கிறா. இதை வைத்துக்கொண்டு இனி அவாவோடு எப்படிக் கதைப்பது? அழட்டும். ஒரு திவசமாவது செய்யட்டும். எனக்கும் என் அண்ணாவுக்காக ஒரு நாள் வேண்டும்.

அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நீ சொல்.

செந்தூரன்

விசுவமடு
30.03.2025

செந்தூரன்,

சொல்லச் சொன்னாய். சொன்னன்.

மண்வெட்டியால கூரை தெரியுமட்டும் கிண்டிக் காட்டினன். அக்கா குந்தியிருந்து அந்தக் கறளைக் கையால தடவினா. அழுதா பிடிக்கிறதுக்கெண்டு என்ர மனிசியைக் கூட்டிக்கொண்டு போனனான். மனிசிதான் அழுதது.

பிறகு அக்கா எழும்பிச் சீலையில கையைத் துடைச்சா.

"அப்ப அவர் நடந்துதான் போயிருக்கிறார், பிரதாபன். நடந்து போனவர் வரச் சுணங்கும்தானே."

அவ்வளவுதான். நீ கேட்ட திவசம் நடக்காது. நான் பயந்த அழுகையும் வரேல்லை. எங்கட ரெண்டு பேரின்ர கணக்கும் பிழை. மண்ணை அவாவே இழுத்து மூடி, புதுசா ஒரு வாழைக்குட்டி வைச்சா. இதுவும் விழும் எண்டு தெரியும். நான் தண்ணி அள்ளி ஊத்தினன்.

உன்ர சங்கத்துக்கு ஒன்பது எண்டு எழுதிறதெண்டா எழுது. தகடு இருக்கு, கார்தான்.

போன கிழமை பந்தலுக்குப் போற வழியில ஸ்ரூடியோவில நிப்பாட்டச் சொன்னா. படத்தில காரை எடுத்துவிடட்டாம். கார் நிண்டா, பாக்கிற சனம் காரைத்தான் தேடுமாம். ஸ்ரூடியோக்காரன் கொம்பியூட்டரில அழிச்சுக் குடுத்தான். ஓட்டோவுக்குள்ள வைச்சு எனக்கும் காட்டினவா. பின்னால வெறும் வெள்ளை. அண்ணை ஒரு பக்கமாச் சரிஞ்சு, ஒண்டுமே இல்லாததில சாஞ்சுகொண்டு சிரிக்கிறார்.

பிரதாபன்