மூன்றாவது பாட்டுக்குப் பிறகு

செயின்ட் பால்,
2016 செப்டம்பர் 12

அன்புள்ள அர்வோ மாமாவுக்கு,

ஐனோ எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். போன வாரம் முழுக்க உங்களுக்குப் போன் செய்து பார்த்தேன். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. அம்மாவிடம் கேட்டால், “அவன் மீன் பிடிக்கப் போயிருப்பான், இல்லேன்னா மீன் அவனைப் பிடிச்சிருக்கும்” என்கிறாள். வேறு வழியில்லாமல் தபால்தலை வாங்கினேன்.

அக்டோபர் முதல் ஞாயிறு மதியம், மில்வாக்கியில் ஒரு சின்ன அரங்கில் எனக்குக் கச்சேரி. இத்தனை நாள் ஊரார் பாட்டையெல்லாம் பாடினேன். இந்த முறை முழுக்க முழுக்க என் சொந்தப் பாட்டுகள். நான் கிடார், ட்யூயி தன் ஆளுயர பாஸ் தந்தி வாத்தியத்தோடு. அவ்வளவுதான் எங்கள் படை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரிய பாடகி ஒருத்தி வசந்தத்தில் ஊர் ஊராகப் போகிறாள். ஒவ்வொரு ஊரிலும் அவளுக்கு முன்னால் அரை மணி நேரம் பாட எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். போவதென்றால் பல் மருத்துவரிடம் பார்க்கும் வேலையை விட்டுவிட வேண்டும். அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா எதைப் பாடினாலும் “நல்லாத்தாண்டி இருக்கு” என்கிறாள். ட்யூயி எதற்கும் தலையாட்டுவான். வருடத்துக்கு ஒரு ஊர் என்று நாம் கச்சேரி கேட்கப் போகும்போது, சிகாகோவிலும் மாடிசனிலும் என் பக்கத்தில் நின்று, “இவன் பொய்யா பாடுறான், வா, வெளிய போய் எதாவது திங்கலாம்” என்று சொன்ன ஒரே மனிதர் நீங்கள்தான். நாலாவதாக ஒரு பாட்டு வைத்திருக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவெடுப்பேன்.

சட்டம் ஞாபகம் இருக்கட்டும். மூன்று பாட்டு வரை கேமரா, அப்புறம் அது பைக்குள். மில்வாக்கி ஏரிக்கரைத் திருவிழாவில், மூன்றாவது பாட்டு முடிந்ததும் பத்திரிகைப் படக்காரர்களைக் காவலாளி வெளியே அனுப்பினதைப் பார்த்துப் பன்னிரண்டு வயதில் நான் போட்ட சட்டம். அன்றைக்கு நீங்கள் கச்சேரி முழுக்கக் கேமராவுக்குப் பின்னாலேயே இருந்தீர்கள். நான் தனியாகக் கேட்டேன். அதற்கப்புறம்தான் நாலாவது பாட்டிலிருந்து நீங்கள் என் ஆள் ஆனீர்கள்.

வருவீர்கள்தானே?

உங்கள்
ஐனோ


டுலூத்,
2016 செப்டம்பர் 19

என் அக்காள் ஹெல்மி இந்த உலகத்துக்கு அளித்த ஒரே உருப்படியான நன்கொடையாகிய ஐனோவுக்கு,

சுப்பீரியர் ஏரியின் இந்தக் கரைக்கு ஏகச் சக்கரவர்த்தியும், இரும்புத்தாது ரயில்களின் முன்னாள் தளபதியுமான உன் மாமன் எழுதும் திருமுகம்.

என் கைப்பேசி ஏரியில் விழுந்துவிட்டது. கரையில் நின்று பார்த்தேன். ஒரு பெரிய மீன் அதை எடுத்துத் தன் சம்பந்தியோடு பேசிக்கொண்டிருந்தது. குடும்ப விஷயம்போல் இருக்கவே நான் தொந்தரவு செய்யவில்லை. வீட்டுப் போனை எடுப்பதில்லை. அதில் வருகிறவர்கள் எல்லாரும் எனக்குக் கூரை விற்கப் பார்க்கிறார்கள். கடிதமே போடு. கடிதத்தில் உன் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

மில்வாக்கிக்கு வராமல் இருப்பேனா? கேமரா துடைத்தாகிவிட்டது. போன வருடம் சிகாகோவில் நான் எடுத்த பாலம், தன் படத்தைப் பார்த்து வெட்கப்பட்டு நடுவில் இரண்டாகப் பிளந்து மேலே தூக்கிக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். உன் அரங்கத்துக்கு என்ன ஆகுமோ, காப்பீடு இருக்கிறதா என்று விசாரித்து வை.

எனக்கு முன்வரிசை வேண்டாம். கடைசியில், சுவரோரமாக நின்றுகொள்கிறேன். சக்கரவர்த்திகள் படைக்குப் பின்னால்தான் நிற்பது வழக்கம். காதுமடல் தொங்கும் சிவப்புக் கட்டத் தொப்பியில் வருவேன், அடையாளம் கண்டுகொள்.

விளையாட்டு போகட்டும். வருடத்தில் இந்த ஒரு பயணத்துக்காகத்தான் மற்ற நாட்களையெல்லாம் பொறுத்துக்கொண்டு மென்று விழுங்குகிறேன். உன் அம்மாவிடம் சொல்லாதே, ஏலக்காய் ரொட்டி அனுப்புவதை நிறுத்திவிடுவாள்.

உன் மாமன்,
படைகளின் பின்வரிசைக் காவலன்
அர்வோ


டுலூத்,
2016 அக்டோபர் 8

மில்வாக்கியை வென்ற வீராங்கனைக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் விஸ்கான்சின் முழுதும் தூங்கினார். அவர் விட்ட குறட்டையில் இரண்டு மாடுகள் பால் சுரப்பதை நிறுத்திவிட்டதாகக் கேள்வி.

உன் கச்சேரியை என்னவென்று சொல்வேன்! ஐனோ, நீ பாடவில்லை, ஆண்டாய். அந்த நாலாவது பாட்டு இருக்கிறதே, அது பாட்டில்லை, அருவி. உன் கிடார் கொட்டிய கொட்டில் என் தொப்பி நனைந்து இன்னும் கொடியில் காய்கிறது. வேலையை விடு. பல் மருத்துவரிடம் சொல், இந்த நாட்டின் பற்களெல்லாம் சேர்ந்தாலும் உன் ஒரு பாட்டுக்கு ஈடாகாது என்று. இது என் தீர்ப்பு, இதற்கு மேல்முறையீடு கிடையாது.

படங்கள் சிலவற்றைக் குளியலறையிலேயே கழுவி அச்சுப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மேடைப் படங்கள் உன் அழகுக்கு. ஒன்று மட்டும் என் அழகுக்கு. பார்த்தாயா அதை? நடுவில் ஒரு தருணத்தில் மொத்த அரங்கமும் மேடைக்கு முதுகைக் காட்டிவிட்டு என்னையே திரும்பிப் பார்த்தது! இருநூறு முகங்களும் சிரித்துக்கொண்டு! எல்லாம் தொப்பியின் மகிமை. கிடைத்த வாய்ப்பை விடுவேனா, எடுத்துத் தள்ளினேன். வெளிச்சம்தான் சதி செய்துவிட்டது. முகங்கள் தெளிவு, ஆனால் கைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகை. ஆனாலும் அதையும் பெரிதாகப் போட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டேன். காலையில் காப்பி குடிக்கும்போது இருநூறு பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்த மரியாதை எந்த மன்னனுக்குக் கிடைத்தது?

ரொட்டிக்கு உன் அம்மாவுக்கு நன்றி சொல்.

தொப்பியோடு
அர்வோ


செயின்ட் பால்,
2016 அக்டோபர் 14

அர்வோ மாமாவுக்கு,

படங்கள் வந்தன.

மேடைப் படங்களில் இரண்டாவதில் நான் மேல்கோட்டு இல்லாமல் இருக்கிறேன். அதைக் கழற்றியது ஐந்தாவது பாட்டுக்கு அப்புறம். இன்னொன்றில் ட்யூயி அறுந்த தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அது கடைசிப் பாட்டுக்கு முந்தினது. ஆக, கேமரா பைக்குள் போகவே இல்லை.

சட்டத்தை மீறியதற்காகக் கோபமில்லை, அது சின்னப் பெண் போட்ட சட்டம். கச்சேரி முடிந்ததும் வாசலில் உங்களைக் கட்டிக்கொண்டு, “மாமா, நாலாவது பாட்டு பிடிச்சுதா?” என்று கேட்டேன். “பிடிச்சுடுவேன், பிடிச்சுடுவேன், அரை மணி இருக்கே!” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினீர்கள். ட்யூயி விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. நாலாவது பாட்டில் கிடார் கிடையாது மாமா. கீழே வைத்துவிட்டேன். பாஸும் இல்லை. அதை வெறும் குரலில் பாடினேன்.

அந்தப் பாட்டுக்கு முன்னால் நான் பேசினதில் ஒரு வார்த்தையாவது கவனித்தீர்களா? அவர்கள் உங்கள் தொப்பியைப் பார்த்துத் திரும்பினார்கள் என்றா நிஜமாகவே நினைக்கிறீர்கள்? நான் மேடையில் காத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கேமராவை முகத்திலிருந்து இறக்கக்கூட இல்லை.

முன்பெல்லாம் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்வீர்கள். இப்போது கூரை விற்கிறவர்களைப்போல் என்னிடம் பேசுகிறீர்கள். என் பாட்டு உங்களையே மூன்றுக்கு மேல் பிடித்து நிறுத்தவில்லை என்றால் அறிமுகமில்லாத ஊர்களில் யாரை நிறுத்தப் போகிறது? அந்தப் பாடகிக்கு வரமுடியாது என்று அடுத்த வாரம் எழுதிவிடுவேன். அடுத்த வருடம் நாம் கச்சேரி கேட்கப் போவதாக இருந்த விண்ணிபெக் பயணமும் வேண்டாம்.

ஐனோ


டுலூத்,
2016 அக்டோபர் 17

ஐனோ,

அவளுக்கு எழுதிவிடாதே. முதலில் இதைப் படி.

எனக்குக் காது கேட்கவில்லை. இடது காது போய் நாளாயிற்று. வலது காது போன குளிர்காலத்தில் போனது. துறைமுகத்தில் இரும்புத்தாது ரயில் வண்டிகளைக் கவிழ்த்துக் கொட்டும் இடத்தில் இத்தனை வருடம் நின்றதற்குக் கூலி இது என்று வைத்தியர் எழுதிக் காட்டினார். யாராவது நேராக முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசினால் உதட்டைப் படித்து ஒப்பேற்றுகிறேன். வாசலில் நீ என் தோளில் முகம் வைத்துக்கொண்டு கேட்டாய். நீ பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறாய் என்று நினைத்தேன்.

சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்பதற்காக மறைக்கவில்லை. சொன்னால் அடுத்த வருடம் காது உள்ள வேறு யாரையாவது விண்ணிபெக்குக்குக் கூட்டிக்கொண்டு போவாய் என்று பயந்தேன். அதில் தப்பும் இல்லை. செவிடனோடு யார் கச்சேரிக்குப் போவார்கள்?

மூன்று பாட்டு வரை எனக்கு அங்கே வேலை இருந்தது. நாலாவதில் கேமராவைப் பைக்குள் போட்டால், அந்த அரங்கத்தில் நான் சுவரோரம் சாத்தி வைத்த ஏணி மாதிரி. அதனால்தான் போடவில்லை.

அருவி என்று எழுதியது பொய். உன் வேலை விஷயத்தில், கேட்காத பாட்டுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கக்கூடாது. அதைக் கிழித்துப் போடு. ஆனால் பார்த்ததைச் சொல்லலாம் இல்லையா? இதோடு இன்னும் நாலைந்து படங்கள் வைத்திருக்கிறேன். நாலாவது பாட்டின்போது மேடையை எடுக்காமல் ஆட்களை எடுத்தவை. உனக்கு அனுப்ப நினைக்கவில்லை, அவை நான் கேட்பதற்காக எடுத்தவை.

தாடிக்காரர் ஒருவர் பீர் கோப்பையை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்தியிருக்கிறார், பார். நீ முடிக்கும் வரை அவர் குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. மதுக்கடைக்காரப் பெண் துணியைக் கையில் வைத்துக்கொண்டு துடைப்பதை மறந்து நிற்கிறாள். அந்த ஓரத்து ஜோடி முதல் பாட்டிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தது. இந்தப் படத்தில் அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்திருக்கிறாள். இத்தனை வருடமாக நாம் இத்தனை ஊர்களில் நின்றிருக்கிறோம். பாடுகிறவன் பொய்யாகப் பாடும்போது கூட்டத்தின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்படி இருக்காது.

இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முடிவை நீ எடு.

ஒரே ஒரு உதவி செய். அன்று பாட்டுக்கு முன்னால் என்ன சொன்னாய்? எழுதி அனுப்பு. தொப்பி இல்லையென்றால் அவர்கள் எதற்காகத் திரும்பினார்கள்?

அர்வோ


செயின்ட் பால்,
2016 அக்டோபர் 23

என் அன்பு மாமா,

உங்கள் கடிதத்தைப் பல் மருத்துவமனையில், நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்போது பிரித்துவிட்டேன். அவர் எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தாடிக்காரரை நான் மேடையிலிருந்து பார்க்கவே இல்லை. நான் பேசும்போது அரங்க விளக்கைக் கொஞ்சம் ஏற்றியிருந்தார்கள், பாட்டு தொடங்கி மேடை விளக்கு கண்ணில் அடித்தால் பாடுகிறவளுக்கு அரங்கம் இருட்டுக் குகைதான். யார் நின்றார்கள், யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோப்பைப் படத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு நேற்று அந்தப் பாடகிக்குப் பதில் எழுதினேன். வருகிறேன் என்று. வேலைக்கும் முழுக்குப் போட்டாயிற்று.

அம்மா வெள்ளிக்கிழமை டுலூத்துக்கு வருகிறாள், உங்களைக் காது வைத்தியரிடம் மறுபடி இழுத்துக்கொண்டு போக. “கருவி மாட்டுனா கொஞ்சமாவது கேட்கும், கேட்காட்டியும் நான் திட்டறது அவனுக்குத் தெரியணும்” என்கிறாள். ஏரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

விண்ணிபெக்கில் மே மாதம் பாடுகிறோம். சட்டத்தைத் திருத்திவிட்டேன். கடைசிப் பாட்டு வரை கேமரா உங்கள் கையில் இருக்கலாம். ஆனால் பின்வரிசைக் காவல் ரத்து. மேடையில், ட்யூயிக்குப் பின்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். என் கண்ணுக்குத் தெரியாததை எடுத்து எனக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

இனி, நீங்கள் கேட்டது. அன்று மூன்றாவது பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கின பிறகு, கிடாரைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்:

“பின்னாடி சுவரோரமா, காதுமடல் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர் நிக்கிறார் பாருங்க. அவர் எங்க மாமா. டுலூத்திலேருந்து பஸ்ஸுல வந்திருக்கார். பாட்டுல எது உண்மை, எது பொய்னு நான் தெரிஞ்சுக்கிட்டது அவர் பக்கத்துல நின்னுதான். எங்களுக்குள்ள ஒரு சட்டம் உண்டு. மூணு பாட்டு கேமராவுக்கு, மிச்சம் எனக்கு. இப்போ அதைப் பைக்குள்ள போடுவார், பாருங்க. இந்தப் பாட்டு அவருக்குத்தான்.”

எல்லாரும் திரும்பினார்கள். நீங்கள் கேமராவை இறக்காமலே அவர்களைப் படம் எடுத்தீர்கள். அரங்கமே சிரித்தது.

கைகள் புகையாகிவிட்டன என்று வெளிச்சத்தைத் திட்டி எழுதியிருந்தீர்கள். வெளிச்சத்தின் மேல் தப்பில்லை மாமா. இருநூறு பேரும் உங்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நாளைக் காலையில் காப்பியோடு அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள்
ஐனோ