ஒன்பதாவது இலக்கம்

மைனி,

கரமனை வீட்டில் இன்று புது வைஃபை மோடம் மாட்டினார்கள். மாட்ட வந்தவர் மலையாளத்தில், "பழைய பாஸ்வேர்டு தன்னே போதுமல்லோ சாரே?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன்: 73939133. நீங்கள் வைத்தது. சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோதே நீங்கள் கல்லூரியில் கணிதம் நடத்தினீர்கள். நான் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன். சாப்பாட்டு மேசையில் உங்களுக்கு வம்பிழுக்க வேறு ஆள் இல்லை.

"இந்த எண்ணோட வால்ல இருந்து ஒவ்வொரு இலக்கமா வெட்டிக்கிட்டே வா தம்பி. கடைசியில ஏழு மிஞ்சுற வரைக்கும் எல்லாமே பகா எண்தான். ஆனா ஒன்பதாவதா எந்த இலக்கத்தைச் சேத்தாலும் பகா எண் கிடைக்காது. இந்த வகையில இதுதான் பெருசு. ஏன் இதோட நின்னுச்சு?"

சட்னி வருவதற்குள் மடிக்கணினியில் பார்த்துச் சொல்லிவிட்டேன். இரட்டை எண்களும் ஐந்தும் ஆகாது. ஒன்றோ ஏழோ சேர்த்தால் மூன்றால் வகுபடும். மூன்றோ ஒன்பதோ சேர்த்தால் வேறு பெரிய எண்களால் வகுபடும்.

"ஒண்ணுக்கும் ஏழுக்கும் இலக்கங்களைக் கூட்டினாலே தெரியுது. அது காரணம். மூணுக்கும் ஒம்பதுக்கும் நீ வகுத்துப் பாத்தே, அவ்வளவுதான். ஏன்னு சொல்லு."

"வகுபடுது மைனி. அதான் ஏன்."

"அது நடந்தது. காரணம் இல்ல."

மாதக்கணக்கில் இதே பேச்சு. பொன்முடி மலைக்குப் போகும்போது அண்ணன் ஒரு வளைவில் காரை நிறுத்தி, "நீங்க ரெண்டு பேரும் தீத்துட்டுக் கூப்பிடுங்க" என்று இறங்கிப் போனார். தீரவில்லை. குளிரில் அவர் பாவம், தானாகவே திரும்பி வந்தார்.

உங்கள் இதய வால்வு அறுவைக்கு முந்தின மாலையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதையே கேட்டீர்கள். "அதுக்குக் காரணமே கிடையாது, விடுங்க மைனி" என்றேன்.

"கிடையாதுன்னா அதையாவது காட்டு. இப்போ வேண்டாம், களைச்சுப் போயிருக்கே. நாளைக்குப் பேசுவோம்."

மறுநாள் உங்களை வெளியே கொண்டுவந்தபோது பேசுவதற்கு நீங்கள் இல்லை. இப்படியா ஒரு வாதத்தை முடிப்பது? தோற்றேன் என்று சொல்லக்கூட வழியில்லாமல்?

பிறகு இணையத்தில் தேடிப் பார்த்தேன். எண்கள் பெருகப் பெருகப் பகா எண்கள் அருகிப்போகும், எங்காவது நின்றுபோகத்தான் வாய்ப்பு அதிகம் என்றார்கள். சரிதான். ஆனால் ஏன் எட்டாவது இலக்கத்தில்? "அது சமாதானம், காரணம் இல்ல" என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். மறுக்க முடியாததால் இன்னும் கோபம் வருகிறது.

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், தான் எழுதிய புரோகிராமைச் சோதித்துவிட்டு, "டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயி சேட்டா" என்றாள். "ஏன் பாஸாச்சு?" என்று கேட்டுவிட்டேன். முகம் சுளித்துக்கொண்டு போனாள். சாயங்காலம் அவளே வந்து, புரோகிராமில் ஒரு பிழை இருந்தது, தற்செயலாகத்தான் பாஸாகியிருக்கிறது என்றாள்; நல்ல கேள்வி என்று பாராட்டினாள். அந்தப் பாராட்டு உங்களுக்குரியது. கொண்டுவந்து கொடுக்க இடமில்லை.

அந்த எண்ணுக்கு மட்டும் காரணம் இன்னும் தெரியவில்லை மைனி. இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. முன்பெல்லாம் ஒன்று தெரியாமல் இருந்தாலும் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.