யூரியாவுடன் வந்த சிவப்பு எண்ணெய்

அனுப்புநர்
த. குந்தவை,
க/பெ. தமிழரசன்,
வடக்குத் தெரு, கீழப்பருத்திக்குடி,
ஒரத்தநாடு வழி, தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு உதவி வேளாண்மை இயக்குநர் அவர்கள்,
மேலவெண்ணாற்றூர் வட்டாரம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பொருள்: யூரியாவுடன் தலையில் கட்டப்பட்ட எண்ணெயால் கார் நின்றுபோனது – நின்ற காருடன் நேரில் ஆஜராக இயலாமை – தாங்களே வந்து பார்வையிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 21.07.2025. 2. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 29.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்படி கிராமத்தில் மூன்றரை ஏக்கரில் குறுவை நட்டிருக்கும் விவசாயி. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இளம்பிள்ளை வாதம் வந்த என் இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் ஆட்டோமேட்டிக் கியர் கார் வாங்கி, ஐந்து வருடமாக வயல், வங்கி, கொள்முதல் நிலையம் என்று யார் தயவும் இல்லாமல் போய் வந்தேன். எங்கள் ஊரில் இதற்கு ஆடம்பரம் என்று பெயர்.

2. கடந்த 14.07.2025 அன்று மேலுரத்துக்கு இரண்டு மூட்டை யூரியா கேட்டு ஸ்ரீ பொன்மாரி உரக்கடைக்குச் சென்றேன். கடை உரிமையாளர் திரு. வைரக்கண்ணு, மூட்டைக்கு ஒன்று வீதம் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் இரண்டை எடுத்து வைத்தார். வேண்டாம் என்றேன். "எண்ணெய் எடுக்காம யூரியா இல்லீங்க" என்றார். போன பருவத்தில் இதே யூரியாவுடன் கடல்பாசி டானிக் வந்தது. இப்போது வாகன எண்ணெய். அடுத்த பருவத்தில் சீர்வரிசைப் பாத்திரம் வந்தாலும் வாங்கத்தான் போகிறோம், பயிர் மஞ்சளடித்து நிற்கும்போது நியாயம் பேச யாருக்கு நேரம் இருக்கிறது?

3. கேனில் "எல்லா வண்டிக்கும், எல்லா கியருக்கும்" என்று அச்சிட்டிருந்தது. டிராக்டர், கார், பைக், மோட்டார் படகு ஆகிய நான்கின் படங்களும் இருந்தன. கப்பல் மட்டும் விட்டுப்போயிருந்தது. என் காருக்கும் கியர் எண்ணெய் மாற்ற வேண்டிய காலம். வாங்கியதை வீணாக்க மனம் வராமல், எங்கள் ஊர் டிராக்டர் மெக்கானிக் திரு. பஞ்சநதத்தை அழைத்தேன். பத்து ஊர் டிராக்டரைப் பிழைக்கவைத்த கைராசிக்காரர். பழைய எண்ணெயை வடித்துப் பார்த்தார், கேனையும் திறந்து பார்த்தார். "அதுவும் செவப்பு, இதுவும் செவப்புதாங்க" என்று தீர்ப்புச் சொல்லி ஊற்றிவிட்டார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சிவந்ததெல்லாம் கியர் எண்ணெய் என்று நானே நம்பினேன். வண்டியோடு வந்த புத்தகம் ஐந்து வருடமாகப் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் டேஷ்போர்டுக்குள்தான் இருந்தது. என் தவற்றை மறைக்க விரும்பவில்லை.

4. 18.07.2025 காலை புது ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் இரைந்தது, கார் நகரவில்லை. பிறகு நகர்ந்தது, பின்பக்கமாக. பின்னால் இரண்டு பேருந்துகள், ஒரு வைக்கோல் லாரி. பிரேக்கை மிதித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூடியவர்கள் ஆளுக்கொரு எண்ணெயின் பெயரைச் சொன்னார்கள். யாரும் வண்டியின் பெயரைக் கேட்கவில்லை. என் காலை நினைத்து நான் இதுவரை அழுததில்லை. அன்று அழுதேன்.

5. தஞ்சாவூரில் ஆட்டோமேட்டிக் கியர் வேலை பார்க்கும் திரு. ஹரிஹரசுப்ரமணியன் வந்து பார்த்து விளக்கினார். இந்த வண்டியில் கியர்ப் பெட்டி எண்ணெய் வழவழப்புக்கு மட்டும் அல்ல. கியரைப் பிடிக்கிற, விடுகிற வேலையையும் அந்த எண்ணெயின் அழுத்தம்தான் செய்கிறது. அதனால் நிறத்தையோ கேனில் உள்ள படத்தையோ பார்க்கக் கூடாது, புத்தகத்தில் எழுதியுள்ள எண்ணும் கேனில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். என் கேனில் எண்ணே இல்லை. வேளாண்மை அலுவலருக்கு இது எளிதில் விளங்கும். குறுவைக்கு ஆடுதுறை 43 கேட்டவரிடம் சம்பாவுக்கான சி.ஆர். 1009 விதையைக் கொடுத்து, இரண்டும் நெல்தானே என்றால் தாங்கள் விடுவீர்களா?

6. இவற்றை எழுதி நான் அனுப்பிய மனுவுக்கு, "சம்பந்தப்பட்ட வாகனத்துடன் 11.08.2025 காலை 11 மணிக்கு நேரில் ஆஜராகவும், தவறினால் மனு முடித்து வைக்கப்படும்" என்று தங்கள் அலுவலகம் பதில் அனுப்பியுள்ளது. ஓடாத வண்டி என்பதே என் புகார். அதை ஓட்டி வந்தால், பொய்ப் புகார் என்று முடித்து வைப்பீர்கள். வராவிட்டாலும் முடித்து வைப்பீர்கள்.

7. ஆகவே ஐயா அவர்கள், என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் காரை நேரில் பார்வையிட்டு, கியர்ப் பெட்டியைப் பழுது நீக்கித் தரக் கடைக்காரருக்கு உத்தரவிடவும், இனி யூரியாவை யூரியாவாக மட்டும் விற்க ஆவன செய்யவும் வேண்டுகிறேன். எனக்குத் திரும்ப வேண்டியது யாரையும் கேட்காமல் வயலுக்குப் போய் வந்த அந்தப் பழைய நாள்தான்.

8. கடைசியாக ஒன்று. 25-ஆம் தேதி, மீதிக் கேனைத் திருப்பித் தர ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் கேனைத் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் தங்கள் அலுவலக ஜீப் ஓட்டுநர் திரு. தங்கையன் அதே சிவப்புக் கேன் இரண்டை எடுத்துச் செல்வதைப் பார்த்தேன். அவர் கையில் யூரியா மூட்டை இல்லை. அவருக்கு மட்டும் எண்ணெய் தனியாகக் கிடைக்கும் போலிருக்கிறது. அதைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. ஜீப்பில் ஊற்றும் முன் ஜீப்பின் புத்தகத்தை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். என் வீட்டுக்கு வர, தாங்களும் புது ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தைத் தாண்டியாக வேண்டும்.

இடம்: கீழப்பருத்திக்குடி
நாள்: 04.08.2025

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) த. குந்தவை

இணைப்பு: கேன் லேபிளின் நகல், கார்ப் புத்தகத்தின் உரிய பக்கம் (உறை பிரிக்கப்பட்டது).