காலாவதியா

செவ்வாய் இரவு, பிரிக்பீல்ட்ஸ்.

எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு லிஸ்ப் என்ற கணினி மொழியில் நிரல் எழுதும் நளினி, நான் சரிபார்க்க வசதியாகக் கட்டளைகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறாள். அவற்றுள் ஒன்று 'காலாவதியா'. அதைக் கேள்வியாகவே படித்தேன். பண்டமாரான் ஊர்க்காரரான லோரி ஓட்டுநர் முனியாண்டியின் விபத்து வழக்குக்குக் காலவரம்பு கடந்துவிட்டதா என்று அறிய, சென்ற வாரம் அதை இயக்கினேன். 'நில்' என்று வந்தது. லிஸ்ப்பில் அதற்கு 'இல்லை' என்று பொருள், நிம்மதியடைந்தேன்.

இன்று மாலை முனியாண்டி அழைத்து, "கேஸ் போட்டாச்சா சார்?" என்றார். கோப்பைத் திறந்தேன். அது காலாவதியானதாக மூடப்பட்டு, நினைவூட்டல்களும் நின்றுபோயிருந்தன. காலவரம்பு நாளையோடு முடிகிறது. நளினியிடம் கேட்டேன்.

"'காலாவதியா மாத்து'ன்னு அர்த்தம் சார். வேலைய முடிச்சாலும் அது வெறும் நில்தான் காட்டும்," என்றாள் நளினி. "கேள்வின்னா கடைசில கேள்விக்குறி போட்டிருப்பேன் லா. ஒரு கமாவுக்குக் கோர்ட்ல நாள் முழுக்கச் சண்டை போடுவீங்க, இத பாக்கலையா?"

பெயரை மாற்றச் சொன்னேன். மனுவை எழுதி முடித்துவிட்டேன். நாளை காலை அது பதிவாக வேண்டும். முனியாண்டியைத் திரும்ப அழைத்தேன்; கோப்பு மூடப்பட்டதைச் சொல்லவில்லை. "நாளைக்குப் போட்டுடுறேன்," என்று மட்டும் சொன்னேன்.

"நீங்க பாத்துக்குவீங்க சார்," என்றார். அதில் கேள்வியே இல்லை.